கொச்சியா, நை மிரிஸா, கறிமிளகாயா? மிளகாயை இனங்காண ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்த ஓர் அம்மா வெள்ளவத்தைச் சந்தையில் "கொச்சிக்காய் அரைக் கிலோ தாங்கோ" என்று கேட்டால், கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அந்த அம்மாவுக்குக் கொச்சிக்காய் என்றால் சாதாரண மிளகாய். கொழும்பில் கொச்சி என்றால் நகத்தளவில் இருந்துகொண்டு நாக்கைப் பொசுக்கும் குட்டி மிளகாய். அதை யாரும் அரைக் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை. இந்தியச் சமையல் காணொளியைப் பார்த்துவிட்டுக் கப்சிகம் வாங்கப் போகிறவருக்கும் இதே பாடுதான். அந்தக் காணொளியில் கப்சிகம் என்றது குடைமிளகாயை, அதாவது நாங்கள் பெல் பெப்பர் என்று சொல்வதை. இங்கே கப்சிகம் என்று கேட்டால் வெளிர்பச்சை நிறத்தில் நீண்டிருக்கும் கறிமிளகாயைத்தான் நிறுத்துத் தருவார்கள்.

பெயர்க் குழப்பமாவது கடையில் கையைக் காட்டினால் தீர்ந்துவிடும். செடி வளர்ப்பவர்களிடம் உள்ள குழப்பம் அப்படித் தீராது. தொடர்மாடிப் பல்கனியில் நாலு சாடி வைத்து மிளகாய் வளர்க்கும் எவரைக் கேட்டாலும் சில செய்திகளை உறுதியாகச் சொல்வார்கள்: சிறிய காய் என்றால் கொச்சி, சிவந்தால் உறைப்புக் கூடும், உறைப்பு விதையில் இருக்கிறது, கொச்சிக்குப் பக்கத்தில் நட்டால் கறிமிளகாயும் உறைக்கும். இவற்றில் சில பாதி உண்மை, சில முழுப் பிழை. எது எது என்று பிரித்தறிய உயிரியல் பட்டம் தேவையில்லை. செடியில் எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் மூன்று கேள்விகளைப் பிரிப்போம்

பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிஞ்சிலே வெட்டினால் பொலொஸ் கறி. முற்றவிட்டால் பலாக்காய். கனியவிட்டால் பலாப்பழம். ஒரே மரத்தின் ஒரே காய்தான், மாறியது பருவம். பழத்தைப் பிளந்தபின் சுளை இறுக்கமாக இருந்தால் வறுக்கை என்கிறோம், கொழகொழவென்று வழுக்கினால் கூழன் என்கிறோம். இரண்டும் பலாதான், வகை வேறு. ஈரப்பலாவோ பெயரிலும் தோலிலும் பலாவுக்கு உறவாக இருந்தாலும் வேறு இனம். பலாக்கொட்டையை எத்தனை தலைமுறை நட்டாலும் அதிலிருந்து ஈரப்பலா முளைக்காது.

மிளகாயைப் பற்றிய பேச்சில் பருவம், வகை, இனம் ஆகிய இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துபோவதால்தான் குழப்பம் வருகிறது. பச்சை மிளகாய், பழமிளகாய், செத்தல் மிளகாய், மோர் மிளகாய் என்பவை பருவத்தையும் பக்குவத்தையும் சொல்லும் பெயர்கள். ஒரே செடியிலிருந்து நான்கையும் எடுக்கலாம். சுப்பர் மார்க்கெட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறத்தில் சேர்த்து விற்கும் பெல் பெப்பரிலும் பச்சையாக இருப்பது பழுக்காத காய். அதைச் செடியிலேயே விட்டிருந்தால், அதன் வகையைப் பொறுத்துச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆகியிருக்கும்.

ஆகவே ஒரு மிளகாயைக் கையில் எடுத்து "இது என்ன?" என்று கேட்கும்போது உண்மையில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். எந்தப் பருவத்தில் பறித்தது? எந்த வகை? எந்த இனம்? இவற்றைத் தனித்தனியே கேட்டால்தான் சரியான பதில் வரும்.

ஐந்து இனங்கள், எங்களுக்கு மூன்று

மிளகாய்கள் எல்லாம் கப்சிகம் என்ற ஒரே பேரினத்தில் அடங்கும். நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்து வைத்த தொகுதிக்குப் பேரினம் என்று பெயர். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை வேறு பேரினங்கள், ஆனால் மிளகாயோடு ஒரே குடும்பத்தில் அடங்கும் செடிகள். இயற்கையில் தமக்குள் கலந்து வளமான விதை தரும் செடிக்கூட்டத்தை இனம் என்கிறோம். ஓர் இனத்துக்குள்ளேயே மனிதர் விரும்பிய குணத்துக்காகத் தேர்ந்து, அந்தக் குணம் மாறாமல் பேணி வருவது வகை.

கப்சிகம் பேரினம் பிறந்தது அமெரிக்கக் கண்டங்களில். கொலம்பஸ் 1492இல் அங்கே போய்ச் சேரும்வரை ஆசியாவில் ஒருவரும் மிளகாயைக் கண்டதில்லை. எங்கள் முன்னோர் அதுவரை உறைப்புக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். மிளகாயை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்கள் இலங்கைக் கரையில் இறங்கியது 1505இல். செத்தல் மிளகாய் இல்லாத சம்பலை இன்று நினைத்தும் பார்க்க முடியாத எங்களுக்கு, அது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு வரவுதான் என்பது வியப்பாகத்தான் இருக்கும்.

மனிதர் பயிராக்கிய கப்சிகம் இனங்கள் ஐந்து: அனுவம், ஃபுரூட்டெசென்ஸ், சைனென்ஸ், பக்காட்டம், பியூபெசென்ஸ். கடைசி இரண்டும் பெரும்பாலும் தென் அமெரிக்காவோடு நின்றுவிட்டன. பக்காட்டத்தின் பூவிதழில் மஞ்சள்-பச்சைப் புள்ளிகள் இருக்கும். பியூபெசென்ஸின் விதை கறுப்பு, பூ ஊதா. விதைப் பக்கற் வரவழைத்து வளர்ப்பவர்கள் இவற்றையும் எப்போதாவது சந்திப்பார்கள் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

கொழும்புச் சந்தைக்கு வருபவை மற்ற மூன்றும்தான். அன்றாடம் வாங்கும் பச்சை மிளகாய், கறிமிளகாய், பெல் பெப்பர், இந்தியாவிலிருந்து வரும் செத்தல் எல்லாமே அனுவம். கொச்சி பெரும்பாலும் ஃபுரூட்டெசென்ஸ். சிங்களத்தில் நை மிரிஸ் என்று சொல்லி நாங்களும் அப்படியே வழங்கிவரும், கசங்கிய கூடு மாதிரி இருக்கும் வாசனை மிளகாய் சைனென்ஸ். மாலைதீவுக்காரர் விரும்பிச் சாப்பிடும் கித்தேயோ மிருஸ், மெக்சிக்கோவின் ஹபனேரோ, கரீபியத் தீவுகளின் ஸ்கொட்ச் பொனெட் ஆகியவையும் சைனென்ஸ்தான். அந்தப் பெயரைப் பார்த்து அது சீனாவிலிருந்து வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1776இல் அதற்குப் பெயரிட்ட யக்கான் என்ற தாவரவியலாளர் அப்படி நினைத்துவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. செடி அமேசன் பக்கத்தது.

காய் ஏன் ஏமாற்றுகிறது

பெரும்பாலானோர் காயைப் பார்த்தே மிளகாயை அடையாளம் காண முயல்கிறார்கள். அதுதான் வழுக்கும் இடம்.

அனுவம் என்ற ஒரே இனத்துக்குள் கைக்குள் அடங்காத பெல் பெப்பரும் இருக்கிறது, விரலளவு பச்சை மிளகாயும் இருக்கிறது, பூக்கடையில் அழகுக்காக விற்கும் கடுகளவு ஊதா மிளகாயும் இருக்கிறது. வடிவம், நீளம், தடிப்பு, நிறம், உறைப்பு ஒன்றும் ஒத்துப்போகாது. ஆனாலும் இனம் ஒன்றே. மறுபக்கத்தில், தாய்லாந்து உணவகங்களில் போடும் சின்னஞ்சிறு மிளகாயையும் எங்கள் கொச்சியையும் அருகருகே வைத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. தாய்லாந்து மிளகாய் அனுவம், கொச்சி ஃபுரூட்டெசென்ஸ். உருவம் ஒன்றாக இருந்தும் இனம் வேறு.

இதற்குக் காரணம் மனிதர்தான். மெக்சிக்கோவிலும் தென் அமெரிக்காவிலும் பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் மிளகாயைப் பயிரிட்டு, தமக்குப் பிடித்த காயின் விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தார்கள். ஒருவருக்குப் பெரிய காய் பிடித்தது, இன்னொருவருக்கு உறைப்பு, வேறொருவருக்குக் காயவைக்கத் தோதான மெல்லிய தோல். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் காயையே தேர்ந்துவந்ததால் காயின் உருவம் எல்லாத் திசையிலும் விலகிப்போய்விட்டது. பூவின் இதழ் எப்படி வளைகிறது என்று பார்த்து விதை எடுத்தவர்கள் இல்லை. யாரும் தேர்ந்தெடுக்காததாலேயே பூவும் காம்பும் பெரிதாக மாறாமல் இனத்தின் அடையாளத்தை இன்றும் தாங்கி நிற்கின்றன.

நிறமும் இனத்தைச் சொல்லாது. காய் பச்சையாக இருப்பது இலையில் உள்ள அதே பச்சயத்தால். பழுக்கும்போது பச்சயம் சிதைய, கரோட்டினொயிட்டு நிறப்பொருட்கள் வெளியே தெரிகின்றன. சிவப்பு மிளகாயில் முக்கியமானது கப்சாந்தின். சில வகைகளில் அது உருவாகாது, அவை மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ பழுக்கும். சில கொச்சிகள் தந்த வெள்ளையில் தொடங்கிச் செம்மஞ்சளாகிப் பின் சிவக்கும். ஒரே செடியில் இந்த மூன்று நிறமும் ஒன்றாகத் தெரிவதால் "இது மூன்று சாதி கலந்த செடி" என்று சொல்கிறவர்களும் உண்டு. அது வெறும் பருவ வித்தியாசம்.

சுருக்கமாக இதுவரை: காயின் அளவு, வடிவம், நிறம் ஆகியவை வகையையும் பருவத்தையும் பற்றிக் கொஞ்சம் சொல்லும். இனத்தைக் கேட்டால் அவை பதில் சொல்லா. அதற்குப் பூவிடம் போகவேண்டும்.

பூவைப் படிப்பது

காலையில் புதிதாக விரிந்த பூ உள்ள செடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். பறித்தால் பாதி அடையாளம் போய்விடும். கைபேசிக் கமரா நெருங்கிப் படமெடுக்குமானால் உருப்பெருக்கிக் கண்ணாடி தேவையில்லை.

தண்டில் இலையோ கிளையோ புறப்படும் முட்டுக்குக் கணு என்று பெயர். ஒரு கணுவில் எத்தனை பூ வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அனுவத்தில் பொதுவாக ஒன்று. ஃபுரூட்டெசென்ஸிலும் பெரும்பாலும் ஒன்று, சிலவேளை இரண்டு. சைனென்ஸில் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் சேர்ந்து வரும். நை மிரிஸ் செடியில் ஒரே முட்டிலிருந்து மூன்று காய் தொங்குவது அதனால்தான்.

இரண்டாவது, இதழ்களின் நிறம். ஒரு வெள்ளைத் தாளைப் பூவுக்குப் பின்னால் பிடியுங்கள். அனுவத்தின் இதழ் தாளோடு சேர்ந்துவிடும், நல்ல பால் வெள்ளை. மற்ற இரண்டிலும் இதழ் வெள்ளையாகத் தோன்றினாலும் தாளுக்கு முன்னால் ஓர் இளம்பச்சைச் சாயல் தெரியவரும். தாள் பிடிக்காமல் வெறுங்கண்ணால் பார்த்தால் இந்தச் சாயல் தப்பிவிடும், ஆகவே தாளை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, இதழ் விரிந்து தட்டையாக நிற்கிறதா, நுனி பின்புறம் சற்று வளைகிறதா என்பது. அனுவத்தில் பெரும்பாலும் தட்டை. ஃபுரூட்டெசென்ஸிலும் சைனென்ஸிலும் கொஞ்சம் பின்வளைவு இருக்கும்.

நான்காவதாகப் பூக்காம்பு. அனுவத்தில் பூ விரியும்போது காம்பு பெரும்பாலும் கீழ்நோக்கிச் சரியும். கொச்சியில் காம்பு நிமிர்ந்தே நிற்கும், ஆனால் அதன் முனையில் பூ மட்டும் தலைகவிழ்ந்திருக்கும். காம்பு மேலே, பூமுகம் கீழே. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாத தோற்றம் அது.

கடைசி அடையாளம் காயில்தான் இருக்கிறது, ஆனால் காயின் உருவத்தில் அல்ல. காம்பு காயோடு சேரும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு தட்டு இருக்கும். பூவாக இருந்தபோது இதழ்களுக்கு வெளியே நின்ற அந்தப் பகுதிக்குப் புல்லிவட்டம் என்று பெயர். முற்றிய நை மிரிஸ் ஒன்றைக் காம்போடு எடுத்து, புல்லிவட்டமும் காம்பும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். அங்கே சுற்றிவர மோதிரம்போல் ஒரு சுருக்கம் இருக்கும். நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். பச்சை மிளகாயிலும் கொச்சியிலும் அந்தச் சுருக்கம் இல்லை. காம்பு வழுவழுப்பாகப் புல்லிவட்டத்துக்குள் போய்விடும். பூவில்லாத காலத்தில், சந்தைப் பலகையில் நின்றபடியே சைனென்ஸைப் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஓர் எச்சரிக்கை. உயிர்கள் எங்கள் விதிகளுக்குக் கட்டுப்பட்டு வளர்வதில்லை. அனுவத்திலும் கொத்தாகக் காய்க்கும் வகைகள் உண்டு, ஊதாப் பூ பூப்பவையும் உண்டு. சைனென்ஸில் சுருக்கம் மங்கலாகத் தெரியும் செடிகளும் இருக்கின்றன. ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் குறைந்தது மூன்று அடையாளமாவது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்று ஒத்துவந்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

கொழும்பில் அடிக்கடி மாறிப்போகும் சோடிகள்

கொச்சியும் தாய்லாந்து மிளகாயும். இரண்டும் சிறியவை, இரண்டும் செடியில் மேல்நோக்கி நிற்கும், இரண்டும் நன்றாக உறைக்கும். பூ இருந்தால் வெள்ளைத் தாளை எடுங்கள். பூ இல்லாவிட்டால் நன்றாகப் பழுத்த காயை இரு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். பழுத்த கொச்சியின் சதை மென்மையாக இருக்கும். காய் புல்லிவட்டத்தைச் செடியிலேயே விட்டுவிட்டுக் கையோடு வந்துவிடும். தாய்லாந்து மிளகாய் பொதுவாகக் காம்போடு பிடித்துக்கொண்டிருக்கும்.

காய் இப்படிச் சுலபமாகக் கழன்று வருவதும் மேல்நோக்கி நிற்பதும் காட்டு மிளகாயின் பழைய குணங்கள். அவை பறவைகளுக்காக ஏற்பட்டவை. மிளகாயின் உறைப்பை எலி, அணில், மனிதர் போன்ற பாலூட்டிகள் உணர்கின்றன, பறவைகள் உணர்வதில்லை. பாலூட்டியின் பல்லில் விதை நொறுங்கும். பறவை முழுதாக விழுங்கி, வேறோர் இடத்தில் எச்சத்தோடு போடும். யாரும் நடாத கொச்சிச் செடி மதிலோரத்திலோ ரோசாச் சாடியிலோ முளைத்திருந்தால் அது பெரும்பாலும் கொண்டைக்குருவியின் வேலை. வீட்டுக்காரர் விதைத்த கணக்கில் அதை யாரும் சேர்க்க முடியாது.

கொச்சியும் அலங்கார மிளகாயும். பூங்கன்றுக் கடைகளில் சிறு சாடியில் ஊதா, மஞ்சள், சிவப்பு என்று காய்த்து நிற்பவை அனுவம் இனத்து அலங்கார வகைகள். மேல்நோக்கிய காயைப் பார்த்துப் பலர் கொச்சி என்று வாங்கிப் போகிறார்கள். அவற்றின் சுவை சப்பென்று இருக்கும். அதைவிட முக்கியமாக, அழகுக்காக விற்கும் செடிக்கு உணவுப் பயிருக்கு அடிக்கக் கூடாத மருந்து அடிக்கப்பட்டிருக்கலாம். அதன் காயைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள்.

நை மிரிஸும் சிறிய பெல் பெப்பரும். இதில் மாறினால் விளைவு கடுமை. புதிதாக இங்கே வந்தவர்கள் நை மிரிஸின் புடைத்த வடிவத்தைப் பார்த்துச் சிறிய பெல் பெப்பர் என்று நினைத்து சலாட்டுக்கு வெட்டியதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெல் பெப்பரின் தோல் தடிப்பாகவும் மினுமினுப்பாகவும் இருக்கும், சதையில் நீர் நிறைந்திருக்கும். நை மிரிஸின் தோல் மெல்லியது, சுருக்கமும் மடிப்புமாக இருக்கும். வெட்டாமல் மூக்கருகே பிடித்தாலே பழவாசனை ஒன்று எழும். சோற்றில் ஒரு துண்டைப் பிசைந்தாலே கோப்பை முழுக்க மணக்கும் அந்த வாசனைக்காகத்தான் எங்கள் வீடுகளில் அதை விரும்புகிறார்கள்.

கறிமிளகாயும் தடித்த பச்சை மிளகாயும். இரண்டும் அனுவம். ஆகவே பூவைப் பார்த்துப் பயனில்லை, இது வகையைப் பற்றிய கேள்வி. இங்கே காய்தான் உதவும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட சி.ஏ.-8 போன்ற கறிமிளகாய் வகைகளின் காய் வெளிர்பச்சை, தோல் மெழுகுப் பளபளப்பு, மேற்பக்கம் அகன்று நுனி ஒடுங்கும். எம்.ஐ.-2, கே.ஏ.-2 போன்ற மிளகாய் வகைகள் கடும்பச்சை, காய் ஒல்லி. எம்.ஐ. என்பது மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும் எழுத்து. வகைப்பெயரைச் சந்தையில் கேட்டு அறிய முடியாது, விதைப் பக்கற்றில்தான் அச்சிட்டிருக்கும். பக்கற்றை எறியாமல் வைத்திருப்பது நல்லது.

செத்தல் மிளகாய்

புறக்கோட்டை மொத்தக் கடைகளில் சாக்குச் சாக்காக அடுக்கியிருக்கும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. காய்ந்துவிட்டால் பூவும் இல்லை, புல்லிவட்டமும் சுருங்கியிருக்கும். எல்லாம் அனுவம் என்பதால் இனத்தைத் தேடவும் வேண்டியதில்லை. ஆந்திராவின் குண்டூர் சன்னம் நீண்டு, தோல் தடித்திருக்கும். தேஜா ஒல்லியாகவும் குட்டையாகவும் இருக்கும், உறைப்பு அதிகம். கர்நாடகத்தின் பியாடகி தோல் முழுக்கச் சுருங்கி, கடுஞ்சிவப்பில் இருக்கும், உறைப்பு குறைவு. இராமநாதபுரத்து முண்டு உருண்டையானது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பியாடகி ஒரு முக்கியமான பாடத்தைச் சொல்லித் தருகிறது. கறிக்குச் சிவப்பு நிறம் தருவது கப்சாந்தின். நாக்கில் சுடுவது கப்சைசின். இரண்டும் வேறுவேறு பொருட்கள், காயின் வேறுவேறு பகுதிகளில் உருவாகின்றன, ஒன்று கூடினால் மற்றது கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கறி சிவப்பாக இருக்கிறது என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம், வெளிறியிருக்கிறது என்பதற்காக நம்பவும் வேண்டாம்.

உறைப்பு எங்கே இருக்கிறது

ஒரு பச்சை மிளகாயை நீளவாக்கில் பிளந்து வையுங்கள். நடுவில் காம்புப் பக்கமிருந்து வெண்மையான தசை இறங்கி வரும். விதைகள் அதில் ஒட்டியிருக்கும். அதற்குச் சூல்வித்தகம் என்று பெயர். கப்சைசின் உருவாகுவது அங்கேதான். விதை உறைப்பதற்குக் காரணம் சூல்வித்தகத்தோடு உரசிக்கொண்டிருப்பதுதான். விதைக்குள் உறைப்பு உருவாவதில்லை. காயின் நுனியை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு வெண்தசைக்கு அருகில் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். ஒரே மிளகாயின் இரு முனைக்கும் உள்ள வேறுபாடு உடனே புரியும். உறைப்பைக் குறைக்க விதையைத் தட்டிவிடுவது மட்டும் போதாது, வெண்தசையையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

கப்சைசின் உண்மையில் வாயைச் சுடுவதில்லை. எங்கள் நரம்பு முனைகளில் கொதிசூட்டை உணர்வதற்கென்று ஒரு வாங்கி இருக்கிறது. கப்சைசின் அதில் ஒட்டியதும், வெந்நீர் பட்டதைப் போலவே மூளைக்குச் செய்தி போகிறது. 1997இல் இந்த வாங்கியை இனங்கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கப்சைசின் நீரில் கரைவது அரிது, கொழுப்பில் கரையும். உறைத்தால் தண்ணீரைவிடப் பாலும் தயிரும் உதவுவது இதனால்.

உறைப்பை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சீனி நீரில் கரைத்துக் கரைத்து, சுவைப்பவருக்கு உறைப்புத் தெரியாமல் போகும் வரை எத்தனை மடங்கு ஐதாக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. இன்று ஆய்வுகூடக் கருவிகள் அளக்கின்றன, அலகு மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பெல் பெப்பர் 0. மெக்சிக்கோவின் ஹலபேனோ 2,500 முதல் 8,000. ஹபனேரோ 100,000 முதல் 350,000. வகைக்குள்ளேயே எவ்வளவு பெரிய இடைவெளி என்று பாருங்கள். தண்ணீர் பற்றாத செடியும் கடும் வெயிலில் நின்ற செடியும் பெரும்பாலும் கூடுதலாக உறைக்கும். ஆகவே "இது உறைக்கிறது, அப்படியானால் கொச்சிதான்" என்று முடிவு கட்ட முடியாது.

சுருக்கமாக: உறைப்பு சூல்வித்தகத்தில் பிறக்கிறது. நிறமோ அளவோ அதற்குச் சான்றல்ல. ஒரே செடியிலும் அது ஏறி இறங்கும்.

பக்கத்துச் செடி உறைப்பைக் கொடுக்குமா?

மிளகாய் வளர்ப்பவர்களிடையே மிகவும் பரவியிருக்கும் நம்பிக்கை இது. கொச்சிக்கு அருகில் கறிமிளகாயை நட்டால் அந்தக் கறிமிளகாய் உறைக்குமா? இந்தப் போகத்தில் உறைக்காது. காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். ஆனால் தேனீக்கள் வேறு செடியின் மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். கொச்சியின் மகரந்தம் கறிமிளகாய்ப் பூவில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூவிலிருந்து காய் உருவாகிறது. காயின் தோல், சதை, சூல்வித்தகம் எல்லாம் தாய்ச்செடியின் உடல். அவற்றில் கொச்சியின் பங்கு துளியும் இல்லை. கொச்சியின் பங்கு இருப்பது விதைக்குள் மட்டுமே, அந்தக் குழந்தைச் செடியில். உறைப்பு உண்டாவது சூல்வித்தகத்தில் என்பதால், அந்தக் காய் தாயின் குணப்படியே இருக்கும்.

வித்தியாசம் தெரிவது அந்த விதையை எடுத்து நட்டு, அது வளர்ந்து காய்க்கும்போதுதான். இரு பக்கமும் கலந்த செடி அது. கறிமிளகாய் என்று நட்டது கொச்சிபோல் உறைத்தால் வியப்பில்லை. பெல் பெப்பரில் உறைப்பில்லாமல் இருப்பது ஒரு மரபணு வேலை செய்யாததால். உறைக்கும் செடியோடு கலந்தால், வேலை செய்யும் மரபணு மேலோங்கி, பிள்ளைச் செடி உறைக்கும். ஆகவே நம்பிக்கை முழுப் பொய்யல்ல, ஒரு தலைமுறை முன்னதாகச் சொல்லப்படுகிறது.

சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிய காயின் விதையை நட்டு, வேறு மாதிரிக் காய்த்தால் இன்னொரு காரணமும் உண்டு. இன்று விற்பனைக்குப் பயிரிடப்படும் பல வகைகள் கலப்பினம். இரண்டு வகைகளைத் திட்டமிட்டுக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதைக்கு அந்தப் பெயர். திணைக்களத்தின் மிச் எச்.வை.-1 அப்படி ஒன்று. முதல் தலைமுறை சீராக இருக்கும். அதன் விதையை எடுத்து நட்டால் அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும்.

உங்களுக்குப் பிடித்த நை மிரிஸையோ கொச்சியையோ அப்படியே பேண விரும்பினால், பல்கனியில் வேறு மிளகாய்கள் இருந்தாலும் வழி இருக்கிறது. விரியாத மொட்டு ஒன்றைத் தேர்ந்து, மெல்லிய வலைத்துணிப் பையொன்றை அந்தக் கணுவோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். காலையில் பூ விரிந்ததும் பைக்கு வெளியிலிருந்தே கிளையைச் சுண்டினால் அதன் மகரந்தம் அதிலேயே விழும். பட்டாணி அளவில் பிஞ்சு தெரிந்ததும் பையை அவிழ்த்துவிட்டு, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள், பிறகு வரும் காய்களோடு கலந்துவிடாமல் இருக்க. அந்தக் காயைச் செடியிலேயே முழுதாகப் பழுக்கவிட்டுப் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, இனம், வகை, மாதம் மூன்றையும் உறையின்மேல் எழுதிவிடுங்கள்.